ஐப்பசி அடைமழைக்கு முன்... வீட்டுத் தோட்டத்தில் முடிக்க வேண்டிய 8 வேலைகள்!

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் நவராத்திரி என்றால், பிரகதாம்பாள் கோயில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் இந்த அம்மன். சமஸ்தான காலத்தில் நவராத்திரி நாள்களில் மக்களுக்கு அரிசியோடு, அம்மன் உருவம் பொறித்த 'அம்மன் காசு'ம் கொடுத்தார்கள்.

கொலு முடிகிறது. ஆயுத பூஜையன்று மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கிறார்கள். விஜயதசமியன்று அவற்றை மறுபடி கையில் எடுக்கும்போது, கொல்லைப்புறத்தில் வேலைகள் வரிசைகட்டி நிற்கும். காரணம், ஐப்பசி வாசலுக்கு வந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ம் தேதியையொட்டித்தான்.

குளிர்நாடுகளில் இந்த மாதங்களுக்கு இலையுதிர் காலம் என்று பெயர். உதிர்ந்த சருகைக் கூட்டிப் பெருக்கி, தோட்டத்தை மூடி வைக்கும் பருவம் அது. இங்கே கதை தலைகீழ். நம் மரங்கள் பெரும்பாலும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் பழந்தமிழர் கணக்கில் 'கூதிர்' காலம். மண் நனைந்து, எல்லாம் துளிர்க்கும் நேரம்.

புதுக்கோட்டை வட்டாரத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது; குளம், கண்மாய், ஊருணி, கிணறு எல்லாமே மழையை நம்பித்தான். அதனால் இங்குள்ள வீட்டுத் தோட்டங்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. ஐப்பசியில் செடி அழுகிச் சாகிறது; தப்பிய செடி சித்திரையில் காய்ந்து சாகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்... வந்த தண்ணீருக்கு வழி சொல்லாமல் விட்டது. கீழே உள்ள வேலைகளில் பாதிக்கு மேல் அந்த வழியைச் சொல்வதுதான்.

1. தண்ணீருக்குப் பாதை

செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம் வெயிலில் கல்லாக இறுகிவிடும். முதல் மழை உள்ளே இறங்காமல் மேலாக ஓடி, தாழ்வான மூலையில் போய்க் குட்டையாக நிற்கும். ஆகவே, மழைக்கு முன் ஒருமுறை மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட வேண்டும். காய்கறிப் பாத்திகளை அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தியாக மாற்றி, இடையில் வாய்க்கால் எடுப்பது நல்லது.

மரங்களைச் சுற்றிக் கோடையில் வெட்டிய வட்டப்பாத்தியையும் மாற்ற வேண்டும். தண்டையொட்டி மண் அணைத்து மேடாக்கி, தண்ணீர் நிற்கும் பள்ளத்தை இரண்டு அடி வெளியே தள்ளிவிடலாம். எலுமிச்சைக்கும் பப்பாளிக்கும் இது கட்டாயம். பப்பாளியின் அடியில் ஓரிரு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகத் தொடங்கிவிடும். மஞ்சள், இஞ்சி இருந்தால் அவற்றுக்கும் மண் அணைத்துவிட்டால்தான், பொங்கலுக்கு மஞ்சள் கொத்து கொல்லையிலிருந்தே கிடைக்கும்.

2. மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கு

எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கியது 2003-ல். அப்போது போட்ட குழாயும் தொட்டியும் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. ஆனால், உள்ளே சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் சுமார் 930 லிட்டர். ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல். அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போவதா, கிணற்றுக்கோ போர்வெல் அருகிலுள்ள குழிக்கோ போவதா என்பதை அரை நாள் வேலை தீர்மானிக்கும். மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை கட்டி, வடிகட்டும் தொட்டியிலுள்ள ஜல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவித் திரும்பப் போட்டால் போதும். முதல் மழைத் தண்ணீரில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும். அதை மட்டும் வெளியே விட்டுவிடலாம்.

3. முருங்கைக்கும் தென்னைக்கும் கழிப்பு

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலை, புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் பல வருடங்கள் வளர்ந்த தென்னையும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. அப்படிப்பட்ட காற்றுக்கு முன்னால் எந்த மரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால், தலைப்பாரத்தைக் குறைத்தால் சாதாரணக் காற்றுக்குத் தப்பிக்கும். ஓட்டின் மீதும் ஆஸ்பெஸ்டாஸ் மீதும் கிளை விழாது.

முருங்கையின் கிளை மழையில் நனைந்து கனத்தால் சுலபமாக முறியும். நீண்ட கிளைகளைக் கழித்துவிட்டு, வெட்டிய இடத்தில் பசுஞ்சாணத்தை அப்பினால் தண்ணீர் இறங்கி அழுகாது. வெட்டிய கிளையில் கை மொத்தத்துக்கு நல்ல போத்தாகத் தேர்ந்தெடுத்து, 3 அடி நீளத்துக்கு நறுக்கி, தண்ணீர் தேங்காத மேட்டில் நட்டால் இன்னொரு மரம் தயார்.

தென்னையில் காய்ந்த மட்டை, பன்னாடை, முற்றிய குலைகளை இறக்கிவிட வேண்டும். கொண்டைப்பகுதி சுத்தமாக இருந்தால் காண்டாமிருக வண்டின் தொல்லையும் குறையும். மின்கம்பி அருகே போகும் கிளையில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும்.

4. அவரைப் பந்தலுக்கு முட்டுக்கால்

ஆடியில் விதை ஊன்றிய கொடி அவரை, இத்தனை நாளும் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும். 'பூவே காணோமே' என்று அதைப் பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பகல் பொழுது குறையும்போதுதான் பழைய நாட்டுக் கொடி அவரை பூக்கத் தொடங்கும். கார்த்திகை தொடங்கித் தை வரை காய் பறிக்கலாம்.

பூக்கும் நேரத்தில் பந்தல் சரிந்தால், இத்தனை நாள் உழைப்பும் வீண். நனைந்த கொடியின் எடை, காய்ந்த கொடியைப்போல அல்ல. கறையான் அரித்த காலை மாற்றி, நான்கு மூலையிலும் இழுகயிறு கட்டி, நடுவில் ஒரு முட்டுக்கால் கொடுத்துவிட வேண்டும். அடியிலுள்ள பழுத்த இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்று புகுந்து, பூசண நோய் குறையும்.

5. பொங்கலுக்கு இப்போதே விதை

ஐப்பசி முதல் தேதியிலிருந்து பொங்கலுக்கு ஏறக்குறைய 90 நாள். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று இப்போது நட்டால் பொங்கலையொட்டிக் காய் வந்துவிடும். முள்ளங்கிக்கு 45 நாள், தண்டுக்கீரை போன்றவற்றுக்கு ஒரு மாதம் கணக்கு.

பொடி விதைகளை மழை அடித்துக்கொண்டு போகும் என்பதால், மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய வைக்கோல் பரப்பலாம். முளை வந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நாற்றுகளைக் குழித்தட்டிலோ பழைய டப்பாவிலோ போட்டுத் தாழ்வாரத்தில் வைப்பது நல்லது. இந்த ஈரத்தில் நாற்றழுகல் சீக்கிரம் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து நாற்றின் அடியில் ஊற்றினால் கட்டுப்படும்.

எல்லா இடத்தையும் இப்போதே நிரப்பிவிட வேண்டாம். மழை ஓய்ந்த பிறகு காலியாகும் பாத்திக்கு உளுந்து பொருத்தமானது. இந்த மாவட்டத்திலேயே வம்பனில் இருக்கும் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உளுந்து ரகங்கள், ஊர் பெயராலேயே 'வம்பன்' என்று அழைக்கப்படுகின்றன. உளுந்து மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். சுமார் 70 நாளில் வீட்டுக்குக் கொஞ்சம் பருப்பும் கிடைக்கும்.

6. தொட்டியைக் கவனி, கொசுவை ஒழி

மாடித் தோட்டத்தில் தொட்டிகளின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். தொட்டிகளைச் செங்கல் மீது தூக்கி வைத்தால் தண்ணீர் வடியும், தளமும் ஊறாது. அடியிலிருக்கும் தட்டுகளை தை மாதம் வரை எடுத்து உள்ளே வைத்துவிடுவதே நல்லது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் குளம் தேவையில்லை. கொட்டாங்கச்சி, பழைய டயர், பயன்படாத ஆட்டுக்கல் குழி, பூந்தொட்டித் தட்டு போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள், உதாரணமாக ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றிவந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம். பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டை தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். எனவே, கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும்.

7. நத்தை, கம்பளிப்பூச்சி... உஷார்!

மழை விட்ட மறுநாள் காலை, இளம் செடிகளின் இலை மொத்தமும் காணாமல்போயிருந்தால் அது நத்தையின் வேலை. மாலையில் ஓர் ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையைப் போட்டுவைத்தால் இரவில் அங்கே வந்து கூடும். காலையில் கையுறை போட்டு எடுத்து, உப்புத் தண்ணீரில் போட்டு அப்புறப்படுத்தலாம். வெறும் கையால் தொடக் கூடாது.

முருங்கையில் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும். அந்த நேரத்தில் கெட்டியான சோப்புக் கரைசலைத் தெளித்தால் கூட்டத்தோடு ஒழியும். மரத்தடியில் குழந்தைகள் விளையாடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதாக இருந்தால், மழையில்லாத நாளின் மாலையில்தான். உரமும் அப்படியே. அடைமழைக்கு முதல்நாள் போட்ட உரம் சாக்கடையில்தான் சேரும். மழைக்குப் பிறகு இலை மஞ்சளாகத் தெரிந்தால், மண் சற்று உலர்ந்ததும் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். அதுவரை உரக்குழியை ஓலையாலோ தகரத்தாலோ மூடி வைக்க வேண்டும். விறகு, ஓலைக் குவியல்களில் பாம்பு தங்கும் காலமும் இது. இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கொல்லைக்குப் போக வேண்டாம்.

8. எதை நடலாம், எதைத் தொடக் கூடாது?

செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகள் இந்த ஈரத்தில் சுலபமாக வேர் பிடிக்கும். மரக்கன்று நடவும் இதைவிட நல்ல காலம் இல்லை. இப்போது நட்டால் கோடைக்கு முன் வேர் ஆழமாக இறங்கிவிடும். திருக்கோகர்ணம் கோயிலின் தலமரமான மகிழமரமும் அப்படி நடத் தகுந்ததே. மெதுவாக வளரும், ஆனால் வருடம் முழுக்கப் பசுமையாக நிற்கும். உதிர்ந்த பூ காய்ந்த பிறகும் மணக்கும்.

குண்டு மல்லியை மட்டும் இப்போது வெட்ட வேண்டாம். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தால்தான் அடுத்த பருவத்துக்குப் பூ குலுங்கும்.

முதலில் எது?

எட்டையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. நேரம் குறைவாக இருப்பவர்கள் முதல் இரண்டையும் ஆறாவதையும் முடித்துவிட்டாலே போதும். தண்ணீர் தேங்காது, வீணாகாது, கொசு வராது. மற்றவை மழைக்கு இடையே கிடைக்கும் வெயில் நாள்களில் நடக்கும்.

கோ என்றால் பசு. கர்ணம் என்றால் காது. மகிழவனத்தில் இருந்த ஈசனுக்குக் காமதேனு தினமும் கங்கை நீரைத் தன் காதில் சுமந்துவந்து அபிஷேகம் செய்ததாகத் தலபுராணம் சொல்கிறது. காதளவுத் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்த பசுவின் பெயரில் இருக்கும் ஊர் இது. இங்கே மாடியில் விழும் 930 லிட்டரைச் சாக்கடைக்கு விடலாமா? இந்த வாரம் மண்வெட்டியை எடுத்தால், சித்திரையில் கிணறு பதில் சொல்லும்.