தட்டில் செத்த குடல் செல்லும் தலைப்புச் செய்தியும்

ஒரு பொருளைக் கலந்ததும் வளர்ப்புத் தட்டில் குடல் செல்கள் செத்துப்போயின என்று ஓர் ஆய்வகம் அறிவித்தால் போதும், அந்தப் பொருள் நஞ்சு என்ற செய்தி மறுநாளே வாட்ஸ்ஆப் எங்கும் பரவிவிடுகிறது. செல்கள் பிழைத்துக்கொண்டால் 'பாதுகாப்பானது' என்ற சொல் விளம்பரத்தில் ஏறிவிடுகிறது. இரண்டுமே தவறு. சோதனை சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கும் வேலை இது.

உலகெங்கும் இச்சோதனைகளில் பெரிதும் பயன்படுவது காக்கோ-2 என்ற செல் வரிசை. 1970களில், 72 வயது ஆண் ஒருவரின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து அமெரிக்காவின் ஸ்லோன்-கெட்டரிங் நிறுவனத்தில் வளர்த்தெடுக்கப்பட்டது. பெருங்குடலில் பிறந்திருந்தாலும், சவ்வின்மேல் மூன்று வாரம் வளரவிட்டால் சிறுகுடல் செல்லைப்போல நுண்ணிய விரல்களை முளைக்கவிட்டு, ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்கிறது. விழுங்கிய மருந்து குடற்சுவரைக் கடக்குமா என்று கணிக்க அருமையான கருவி இது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே இதன் அளவீடுகளை ஏற்கிறது. ஆனால் இதன்மேல் முறையான சளிப்படலம் இல்லை. அடியில் ரத்த ஓட்டம் இல்லை. கல்லீரல் இல்லை. குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் பொறுக்காமல் மூன்றாம் நாளே சோதித்தால், அங்கே இருப்பது குடற்சுவரே அல்ல. பெருகிக்கொண்டிருக்கும் புற்றுச்செல் கூட்டம்.

'நஞ்சு' என்ற முடிவு எப்படிப் பிழைபடும் என்பதற்குத் தேயிலையில் உள்ள கேட்டச்சின் என்ற சேர்மங்களை எடுத்துக்கொள்ளலாம். செல் வளர்ப்பு ஊடகத்தில் இவற்றைக் கலந்ததும் ஊடகத்திலேயே ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாவதை உயிர்வேதியியலாளர் பாரி ஹாலிவெல்லின் குழு 2000ஆம் ஆண்டில் காட்டியது. அப்படியானால் தட்டில் செல்களைக் கொன்றது தேயிலையா, அங்கேயே விளைந்த பெராக்சைடா? இதைப் பிரித்தறியாமல் எழுதப்படும் முடிவு அறிவியல் ஆகாது.

எதிர்த்திசைப் பிழை இன்னும் கொடியது. ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பில் உள்ள அமிக்டலினை நரம்பில் ஏற்றினால் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. அதையே விழுங்கினால் குடல் பாக்டீரியாக்களின் நொதி அதைப் பிளந்து சயனைடை வெளிவிடுகிறது. 'வைட்டமின் பி17' என்ற போலிப் பெயரில் புற்றுநோய் மருந்தாக இதை விற்றார்கள். நம்பி உண்டவர்களில் சிலர் சயனைடு நச்சுக்கு ஆளானார்கள். பாக்டீரியா இல்லாத தட்டில் அந்தப் பாதையே கிடையாது.

இதைச் சொன்னதும், விலங்குச் சோதனைக்கே திரும்பலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் தீர்வல்ல. 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 மருந்து, குரங்குகளில் தீங்கற்றதாகத் தெரிந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே ஆறு தன்னார்வலர்களுக்குத் தரப்பட்டது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். சளி சுரக்கும் செல்களைச் சேர்த்து வளர்ப்பது, 2009இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் தண்டுச்செல்லிலிருந்து உருவாக்கிய குட்டிக் குடல்கள், குடலசைவையும் பாக்டீரியாவையும் சேர்த்துக்கொள்ளும் சிப்புகள் என்று தட்டுச் சோதனையைச் செம்மைப்படுத்த வழிகள் திறந்திருக்கின்றன. விலங்கு இல்லாத முறைகளுக்கு 2022 இறுதியில் அமெரிக்கச் சட்டமும் 2023இல் இந்திய விதிகளும் இடம் கொடுத்துவிட்டன.

ஆகவே தட்டுச் சோதனைகள் இனிப் பெருகும். செல்கள் எத்தனை நாள் வளர்ந்தவை, ஊடகத்தில் ரத்தச் சீரம் இருந்ததா, கலந்த செறிவு மனிதக் குடலில் எட்டக்கூடியதா என்ற மூன்றையும் அச்சிடாத பத்திரிகைக்கு 'நஞ்சு' என்றோ 'பாதுகாப்பு' என்றோ தலைப்பிடும் தகுதி இல்லை.