அணுமின்சாரம்: தேவையும் கடமையும்

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் துபாயில் கூடிய காலநிலை மாநாட்டில், உலகின் அணுமின் திறனை 2050ஆம் ஆண்டுக்குள் மும்மடங்காக்குவோம் என்று 20க்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி பூண்டன. இந்தியா அன்று அதில் ஒப்பமிடவில்லை. அதே மாதத்தின் நடுவில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, பொருநையாறு கரைகடந்து ஊர்களுக்குள் புகுந்தது. ஒரு மழையை மட்டும் காட்டி, இதுவே காலநிலை மாற்றம் என்று அறுதியிட்டுவிட இயலாது. ஆனால் கடல் வெப்பமுற வெப்பமுறக் காற்று சுமக்கும் ஈரம் மிகுகிறது. பெய்யும் மழை பெருமழையாகிறது. அந்தத் தென்கடற்கரையில்தான் கூடங்குளம் அணுமின் நிலையமும் நிற்கிறது. நோயின் கடுமையையும் மருந்தைப் பற்றிய அச்சத்தையும் ஒருங்கே சுமப்பவர்கள் அக்கடற்கரை மக்கள். அவர்களை மறந்து அணுமின்சாரத்தைப் பற்றிப் பேசுவது முறையன்று.

மருந்து தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. சுரங்கம் தோண்டுவது முதல் நிலையத்தை மூடுவது வரை அனைத்தையும் கணக்கிட்டால், ஓர் அலகு மின்சாரத்துக்கு நிலக்கரி உமிழும் கரியமில வாயு ஏறத்தாழ 820 கிராம். அணுமின்சாரம் உமிழ்வது ஏறத்தாழ 12 கிராம் என்கிறது, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழுவின் 2014ஆம் ஆண்டு அறிக்கை. 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஆண்டுக்கு 40 இலட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரியை எரிக்கிறது. அதே திறனுள்ள அணுவுலைக்கு ஆண்டுக்கு 30 டன்னுக்கும் குறைவான எரிபொருள் போதும். நிலக்கரியின் தீங்கு வானோடு நிற்பதுமில்லை. எண்ணூரில் கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பல், மீனவர் வலையிலும் வயிற்றிலும் விழுந்த அடி.

காற்றும் கதிரவனும் போதாவா என்று கேட்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் சுழன்று சுழன்று மின்சாரம் தரும் காற்றாலைகள், பருவக்காற்று ஓய்ந்ததும் ஓய்கின்றன. வீடுதோறும் விளக்கேற்றும் வேளையில் சூரிய மின்தகடு உறங்கிவிடுகிறது. மின்கலச் சேமிப்பு வளர்ந்துவருகிறது. எனினும் மாதக்கணக்கில் நீளும் காற்றற்ற பருவத்தை அது தனித்துத் தாங்கும் நிலை இன்னும் வரவில்லை. இரவும் பகலும் ஒரே சீராக, கரியின்றி எரியும் உலைக்கு அங்கேதான் இடமுண்டு. 1974ஆம் ஆண்டு, எண்ணெய் நெருக்கடியின் நடுவே அணுவுலைகளைப் பெருக்க முடிவு செய்த பிரான்சு, இன்று தன் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவற்றிலிருந்தே பெறுகிறது. செருமனியோ, பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கும்போதே, 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று அணுவுலைகளை மூடியது. நன்றாக இயங்கும் உலையை முன்னே மூடி, நிலக்கரியைப் பின்னே மூடுவது வரிசை பிறழ்ந்த செயல் என்பதே நம் கருத்து.

ஆயினும் இம்மருந்து விரைந்து வேலை செய்வதன்று. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988ஆம் ஆண்டில் சோவியத்து ஒன்றியத்தோடு செய்யப்பட்டது. முதல் உலை வணிக உற்பத்தியைத் தொட்டது 2014ஆம் ஆண்டின் கடைசி நாளில். கல்பாக்கத்தில் 2004ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையின் மையக்கருவை நிரப்பும் பணியே 2024ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் இரண்டு புதிய உலைகளுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. 2047ஆம் ஆண்டுக்குள் ஓர் இலட்சம் மெகாவாட் அணுமின் திறனை எட்டுவோம் என்று இந்திய அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அன்று நாட்டில் இருந்த திறன் 9,000 மெகாவாட்டுக்கும் குறைவு. அணுவை நம்பிக் காற்றையும் கதிரவனையும் காக்க வைத்தால், இழக்கும் ஆண்டுகளை எந்த உலையும் மீட்டுத் தராது.

பணத்தையும் காலத்தையும்விட அரியது ஒன்றுண்டு; அது மக்களின் நம்பிக்கை. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் முன்பே இயங்கிவந்த அணுமின் நிலையத்தின் நீரேற்றுக் கூடத்துக்குள் ஆழிப்பேரலை புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பணியாளர்கள் பாதுகாப்பாக நிறுத்தினர். அவர்கள் திறனுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் அதே அலையில் உற்றாரை இழந்த கடற்கரை மக்கள், 2011 மார்ச்சில் புகுசிமாவின் உலைகள் கடலால் சிதைந்ததைக் கண்டபோது அஞ்சினார்கள். அந்த அச்சம் அறியாமையன்று, பட்டறிவு. கூடங்குளம் நிலையத்தை எதிர்த்து அதன் அருகிலுள்ள இடிந்தகரையில் திரண்ட அவர்களுக்குக் கிடைத்த மறுமொழியோ, தேசத்துரோகம் உள்ளிட்ட வழக்குகள். 2013 மே 6 அன்று கூடங்குளம் நிலையத்தை இயக்க இசைவளித்த உச்சநீதிமன்றம், போராடியோர் மீதான குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்றும், எரிந்து தீர்ந்த எரிபொருளை வைப்பதற்கான ஆழ்நிலக் களஞ்சியத்தை விரைந்து அமைக்கவேண்டும் என்றும் பணித்தது. அத்தகைய களஞ்சியம் இந்தியாவில் இன்றளவும் இல்லை.

பின்லாந்தை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்நாட்டுச் சட்டத்தின்படி, தன் எல்லைக்குள் அணுக்கழிவுக் களஞ்சியம் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உள்ளூராட்சிக்கு உண்டு. அவ்வுரிமையைக் கையில் வைத்துக்கொண்டே யூரயோகி ஊர்மன்றம் 2000ஆம் ஆண்டில் இசைந்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் ஏற்றது. இன்று நானூறு மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்த களஞ்சியம் அங்கே உருவாகியிருக்கிறது. மறுக்கலாம் என்ற உரிமை இருந்ததால்தான் அவ்வூரின் இசைவுக்குப் பொருள் இருந்தது.

எனவே நாம் வலியுறுத்துவன இவை. இயங்கும் உலைகள் முழுப் பாதுகாப்போடு தொடர்ந்து இயங்கட்டும், கட்டப்படுபவை நிறைவுறட்டும். நிலையங்களைச் சுற்றி அளக்கப்படும் கதிர்வீச்சு நாள்தோறும் தமிழில் வெளியிடப்படவேண்டும். ஊர்மக்கள் தெரிந்தெடுக்கும் வல்லுநர்களும் அதை அளந்து பார்க்க வழி வேண்டும். உலையை நடத்துவோரும் உலையைக் கண்காணிப்போரும் ஒரே தலைமையின் கீழ் நிற்கக்கூடாது. கழிவின் இறுதி இடத்துக்குக் காலவரையறை வேண்டும். அவ்விடத்தின் மக்களுக்கு மறுக்கும் உரிமை வேண்டும். எஞ்சியிருக்கும் வழக்கு ஒன்றேயானாலும் அது திரும்பப் பெறப்படவேண்டும்.

கடல் உயர்ந்தால் முதலில் நனைவது கடற்கரைக் குடிசை. உலை பழுதுற்றால் முதலில் ஓடவேண்டியவரும் அக்குடிசையில் வாழ்பவரே. இரண்டு இடர்களுக்கும் முன்வரிசையில் நிற்கும் அவரை அடக்கிவிட்டு இன்னும் சில உலைகளைக் கட்டிவிடலாம். ஆனால் இந்நாட்டுக்கு வேண்டியவை சில உலைகள் அல்ல. ஓர் இலட்சம் மெகாவாட்டுக்கான உலைகள் எத்தனையோ ஊர்களின் வாசலில் எழவேண்டும். அவ்வூர்கள் எல்லாம் இடிந்தகரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கே நீதி செய்வதே அணுமின் திட்டத்தின் அடுத்த பணியாகட்டும்.