எழுதி வைக்காத வரைபடம்

போன மாதம் மாடி விளக்குக்கு லைன் போகவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், ஒயரிங் வரைபடம் இருக்கா?" இல்லை. வீடு கட்டும்போது ஒயரிங் செய்தவர் எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. சுவரை மூன்று இடத்தில் கொத்தித்தான் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு நான் வேலை பார்த்த சர்க்யூட் போர்டுகள் ஞாபகம் வந்தன.

மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு சௌகரியம் உண்டு. யூஎஸ்பியில் எதைச் செருகினாலும், "நீ யார்?" என்று கேட்டால் அது பதில் சொல்லும். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் போன்றவற்றின் உள்ளே இருக்கும் சிப்புகளில் பல ஊமைகள். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ2சி என்ற இரட்டைக் கம்பியில், பதினாறடிமான எண்ணில் 68 என்ற முகவரியில் அது உட்கார்ந்திருக்கும். யாராவது சொன்னால்தான் லினக்ஸ் கர்னலுக்கு அது தெரியும்.

முன்பெல்லாம் ஆர்ம் போர்டுகளில் இந்த விவரத்தைக் கர்னலுக்குள்ளேயே சி மொழியில் எழுதுவோம். போர்டுக்கு ஒரு கோப்பு. ஒரு கம்பி இடம் மாறினாலும் கர்னலை மறுபடி கம்பைல் செய்யவேண்டும். இந்தக் குவியல் பெருகுவதைப் பார்த்து 2011ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். அதன்பிறகு ஆர்ம் உலகம் 'டிவைஸ் ட்ரீ'க்கு மாறியது. அது புதுச் சரக்கு அல்ல. சன் கம்ப்யூட்டர்களில் இருந்த ஓபன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது. 1994லேயே ஐஇஇஇ 1275 என்று தரமாகிவிட்டது.

விஷயம் எளிது. எந்தச் சிப், எந்த முகவரி, எந்த இன்டரப்ட் என்று ஒரு தனிக் கோப்பில் எழுதுகிறோம். பூட் லோடர் அதைக் கர்னலிடம் கொடுக்கிறது. 'கம்பாட்டிபிள்' என்ற வரியைப் பார்த்துக் கர்னல் சரியான டிரைவரைத் தேடிக்கொள்கிறது. ஒரே கர்னல் பல போர்டுகளில் ஓடுகிறது.

"குப்பையை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குத் தள்ளியதுதானே?" என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஓரளவு உண்மை. ஒரு எண் தப்பினால் போர்டு சத்தமில்லாமல் படுத்துவிடும். ஆனாலும் இந்த முறைதான் சரி என்பது என் கட்சி. காரணம், என் சொந்தத் தவறு.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து ஒரு ஜூனியர் பையன் போன் செய்தான். "சார், உங்க போர்டு கோப்பில் இந்தப் பின் மட்டும் ஏன் தலைகீழா இருக்கு?" எனக்கு ஞாபகம் இல்லை. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. கடைசியில் அந்தப் போர்டையே ஓரம் கட்டிவிட்டார்கள். எத்தனை பேர் உழைப்பு அது!

அதனால்தான் சொல்கிறேன். பெட்டியை விற்பவர் இந்த விவரக் கோப்பையும் விளக்கத்தோடு கொடுக்கவேண்டும். கம்பெனி ஆதரவை நிறுத்திய நாளில், நன்றாக ஓடும் பெட்டி காயலான் கடைக்குப் போகக்கூடாது. கோப்பு இருந்தால் மட்டும் போதாது, பெட்டியைப் பூட்டி வைக்கிறார்கள் என்பீர்கள். அதுவும் சரிதான். ஆனால் பூட்டைத் திறந்தாலும் வரைபடம் இல்லாமல் உள்ளே என்ன செய்வது?

எலக்ட்ரீஷியன் தம்பியை உட்காரவைத்து வரைபடம் போட்டு வாங்கிவிட்டேன். மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.