ஆராய்ச்சி யாருக்காக?

பொரளைச் சந்தியில் காலை எட்டு மணிக்கு நிற்பவர் எவருக்கும் தலைநகரின் போக்குவரத்துச் சீர்கேட்டை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்கே வாகனங்கள் கக்கும் புகைக்கு அணித்தாகவே சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அமைந்திருக்கிறது. மூச்சுத் திணறலுடன் அங்கு கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் தொகையையும் நகரின் காற்று மாசையும் ஒப்புநோக்கிய மருத்துவர்கள், இரண்டுக்கும் தொடர்புண்டென ஏற்கெனவே எழுதியுள்ளனர்.

இதே பொரளையைக் கோட்டையுடன் ஒரு காலத்தில் மின்சார டிராம் இணைத்தது. 1899இல் தொடங்கிய அச்சேவையை 1944இல் மாநகரசபை பொறுப்பேற்றது. 1960இல் அது மறைந்தது. 1953இல் வந்த டிரொலி பஸ்ஸும் 1964உடன் முடிந்தது. புகை கக்காத வாகனங்கள் இரண்டையும் வழியனுப்பிய பின், புகைக்கு மருந்து தேடி ஆராய்ச்சிகள் நடத்துகிறோம்!

ஆராய்ச்சிக்கு ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை. யப்பானிய அரசாங்கத்தின் உதவியுடன் 2012 முதல் 2014 வரை கொழும்புப் பெரும்பாகத்தின் போக்குவரத்து விரிவாக ஆராயப்பட்டது. மக்கள் எங்கிருந்து எங்கே, எதில் ஏறிச் செல்கின்றனர் என்று வீடு வீடாகக் கேட்டறிந்தனர். 2016இல் மேல் மாகாணத்துக்கான போக்குவரத்துப் பெருந்திட்டம் வந்தது. பின்னர் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் செய்யப்பட்டது. இவற்றின் பயனாக உருவானதே மாலபேயிலிருந்து பத்தரமுல்லை, இராஜகிரிய, பொரளை, மருதானை வழியாகக் கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் நீளமான இலகு ரெயில் திட்டம். நிலையங்கள் 16. வருடத்துக்கு 0.1 வீத வட்டியில், 40 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் கடனுக்கு 2019இல் ஒப்பந்தமாயிற்று.

2020 செப்டெம்பரில் அத்திட்டத்தை அரசாங்கம் கைவிட்டது. செலவு மிகுதி, கொழும்புக்குப் பொருத்தமன்று என்பது சொல்லப்பட்ட காரணம். இருக்கலாம். பெருஞ்செலவுத் திட்டங்களைக் கண்மூடி ஆதரிப்பவர் நாமல்லர். ஆனால், ஆண்டுக்கணக்கில் செய்த ஆராய்ச்சி ஒன்றைத் தள்ளிவிட வேறெந்த ஆராய்ச்சி துணைநின்றது? அதனையல்லவா பொதுமக்கள் முன் வைத்திருக்க வேண்டும்! பல நூறு கோடி ரூபாய் நட்டத்தைக் கணக்காய்வாளர் நாயகம் பின்னர் சுட்டிக்காட்டினார். அந்த நட்டம் எந்த மந்திரியின் பையிலிருந்தும் ஈடுசெய்யப்படவில்லை.

அதே காலத்தில், 2007இல் பாதுகாப்புப் பிரதேசமாக்கப்பட்ட தலங்கம ஈரநிலத்தின் மீது தூண்கள் நாட்டி அதிவேக வீதி அமைக்க முற்பட்டனர். அயலிலுள்ள மக்கள் எதிர்த்தெழுந்தனர். ரெயிலுக்குச் செலவு மிகுதி என்றவர்களுக்குக் கார்களுக்கான பாலம் மட்டும் மலிவாகத் தோன்றிய மாயம் நமக்கு விளங்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 2022இல், பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றது.

இன்னொன்று. 2014ஆம் ஆண்டின் அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வெள்ளவத்தையிலிருந்து 154ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பொரளைக்கு வேலைக்கு வரும் தமிழரும், அவருடன் தொங்கும் சிங்களத் தோழரும் அதனைப் படிப்பதெப்படி? சுற்றாடல் மதிப்பீடுகள் பற்றி மூன்று மொழிகளிலும் பத்திரிகை அறிவித்தல் கொடுத்து, மக்கள் கருத்துக் கூற 30 நாள் அவகாசமளிக்க வேண்டுமெனச் சட்டம் விதிக்கிறது. அறிவித்தல் மாத்திரம் தமிழில் இருந்தாற் போதுமா? மதிப்பீட்டுக்கு முந்திய போக்குவரத்து ஆய்வுகளோ இந்த விதிக்குள்ளும் அடங்குவதில்லை.

பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு போக்குவரத்து ஆய்வும் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளிவருதல் வேண்டும். அதனை ஏற்க மறுக்கும் மந்திரிசபை, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தல் வேண்டும். பொரளை வழியாக எதிர்காலத்தில் எத்திட்டம் வந்தாலும் அதன் முதற்பக்கத்தில் நாம் தேடப்போவது, அந்த வைத்தியசாலை வாசலில் காற்றின் மாசு எவ்வளவு குறையுமென்ற கணக்கையே.