மூக்கு நீண்டா நகவெட்டியைத் தேடாதீங்க

கிளி வளர்க்கிற மக்களே, நான் பண்ணின முட்டாள்தனத்தை நீங்களும் பண்ணாதீங்க.

எங்க வீட்டு பட்ஜிக்கு (அதாங்க, நாம லவ் பேர்ட்ஸ்னு சொல்றது) போன வருஷம் மேல் மூக்கு கன்னாபின்னான்னு நீண்டுடுச்சு. "நகம் மாதிரிதான் தம்பி, வெட்டி விடுங்க"ன்னார் கடைக்காரர். வெட்டினேன். ரத்தம்! சோள மாவை வச்சு அழுத்திக்கிட்டே மருத்துவர்கிட்ட ஓடினேன்.

திட்டிட்டு விளக்கினார். அலகின் மேல் ஓடுதான் நகம் மாதிரி. உள்ளே எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் உண்டு. ஆரோக்கியமான பட்ஜி தானே அலகைத் தேய்ச்சுக்கும். அளவுக்கு மீறி நீண்டா பெரும்பாலும் வேற கோளாறு இருக்கும். மூக்கைச் சுத்தி தேன்கூடு மாதிரி பொருக்கு கட்டினா, கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி. மூக்குல கறுப்புத் திட்டு தெரிஞ்சா கல்லீரலைச் சந்தேகப்படணும். எங்களதுக்கு இரண்டாவது. மூணு வருஷமா வெறும் தினையே போட்டதில் கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு.

ஆபீஸ்ல காரணத்தைத் தேடாம எர்ரர் மெசேஜை மட்டும் மறைக்கிறவனை நானே திட்டியிருக்கேன். வீட்ல அதையேதான் செஞ்சிருக்கேன்!

என் கட்சி இதுதான்: நீண்ட மூக்கு நோய் இல்லை, நோயோட அறிகுறி. வெட்டியே ஆகணும்னாலும் மருத்துவர் வெட்டட்டும்.

இப்போ தினையைக் குறைச்சு கீரை, கேரட், கடிக்க வேப்பங்குச்சி. மூக்கு இன்னும் கொஞ்சம் கோணல்தான். ஆனா என் கையில் நகவெட்டியைப் பார்த்தா இன்னமும் கூண்டு மூலைக்கு ஓடிடுது. அதுதாங்க வலிக்குது.