பரிசு முத்திரையை மறைத்துவிட்டுப் படித்த நான்கு நாவல்கள்

புத்தகத்தைப் பாராட்ட நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'அலுப்புத் தட்டியது' என்று சொல்வதற்குத்தான் தயக்கம். அட்டையில் பரிசு முத்திரை இருந்துவிட்டால், கொட்டாவி விட்டவர்கூட வெளியே சொல்லமாட்டார். பிறமொழி நாவலின் கதி இன்னும் பரிதாபம். 'இந்திய இலக்கியம்' என்ற மரியாதை அதற்கு உடனே கிடைத்துவிடுகிறது. கதரைப் போலத்தான்: நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், வாங்குகிறவர்கள் குறைவு.

மொழிபெயர்ப்பு எனக்குத் தொழில். ஆனால் இங்கே பேசப்போவது தொழிலை அல்ல. வேலை முடிந்த இரவுகளில், யாரும் கேட்டுக்கொள்ளாமல் சமீபத்தில் படித்த நான்கு நாவல்களைப் பற்றி. மூன்றைத் தமிழிலும் ஒன்றை ஆங்கிலத்திலும் படித்தேன்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-ல் வந்தது. படிக்காதவர்களும் படித்தது போலப் பேசும் நாவல் அது. காரணம், 1965-ல் ராமு காரியாட் எடுத்த படம். கறுத்தம்மா, பரீக்குட்டி, நிறைவேறாத காதல், கடல். சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தபோது எனக்குக் கிடைத்தது வேறு கதை. இதில் காதலைவிடக் கனமானது கடன். கறுத்தம்மாவின் தகப்பன் செம்பன்குஞ்சு படகும் வலையும் வாங்க பரீக்குட்டியின் தயவை நாடுகிறான். படகு வந்ததும் பிடித்த மீனை அவனுக்கே விற்க மறுக்கிறான். சின்ன வியாபாரி நொடித்துப்போகிறான். வாங்கியவன் மறந்துவிட்ட கடன் மகளின் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. காதலர்களைவிட இந்தத் தகப்பன்தான் என் நினைவில் நிற்கிறான். எனக்கு உவப்பில்லாத விஷயமும் உண்டு. கரையில் மனைவி நெறி தவறினால் கடலில் கணவன் உயிர் போகும் என்ற நம்பிக்கையை, முடிவு ஏறக்குறைய உண்மையாக்கிவிடுகிறது. பழி முழுவதும் பெண் தலையில்.

விவேக் ஷான்பாகின் 'காச்சர் கோச்சர்' கன்னட நாவல். தமிழில் தந்தவர் கே. நல்லதம்பி. மிகச் சிறியது, ஒரு ரயில் பயணத்தில் முடித்துவிடலாம். பெங்களூரில் எறும்பு மொய்க்கும் சிறு வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் குடும்பம், சிக்கப்பா தொடங்கும் மசாலா வியாபாரத்தால் திடீரென்று பணக்காரக் குடும்பமாகிறது. அதன்பின் சம்பாதிப்பவரின் செளகரியமே வீட்டின் சட்டம். அவரைத் தேடி வாசலில் வந்து நிற்கும் ஒரு பெண்ணை வீட்டுப் பெண்களே விரட்டும் காட்சியை மறக்க முடியவில்லை. யாரும் அதிர்ந்து பேசாத நாவல், ஆனால் பயமுறுத்துகிறது. கன்னடத்துச் சிக்கப்பாவுக்கும் நம் சித்தப்பாவுக்கும் ஓர் ஒலிதான் தூரம். கதை அடுத்த வீட்டில் நடக்கவில்லை, நம் வீட்டில்தான் நடக்கிறது என்று தோன்றிவிடுகிறது. என் ஒரே குறை, கடைசிப் பக்கத்தை எட்டியபோது இன்னும் ஐம்பது பக்கம் இருக்கக்கூடாதா என்று தோன்றியதுதான்.

கீதாஞ்சலி ஸ்ரீயின் 'ரேத் சமாதி' விஷயத்தில் குறை இதற்கு நேர்மாறானது. 2018-ல் ஹிந்தியில் வந்த இந்நாவல், டெய்ஸி ராக்வெலின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக 2022-ல் இன்டர்நேஷனல் புக்கர் பரிசு பெற்றது. கணவன் இறந்தபின் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறாள் ஒரு கிழவி. வயது எண்பது. பிறகு எழுகிறாள், மகள் வீட்டுக்குப் போகிறாள், கடைசியில் பாகிஸ்தான் எல்லையையும் கடக்கிறாள். அருமையான கரு. ஆனால் ஆங்கிலத்தில் எழுநூறு பக்கங்களுக்கு மேல். கிழவி எழுந்திருப்பதற்குள் நான் இரண்டு முறை தூங்கிவிட்டேன். ஹிந்திச் சொல்விளையாட்டுக்கு ஈடுகொடுக்க ராக்வெல் பட்ட பாடு வரிக்கு வரி தெரிகிறது. அந்தப் பாடு வாசகருக்கும் தொற்றிக்கொள்கிறது. சில அத்தியாயங்களைத் தாண்டித்தான் போனேன். ஆனாலும் ரோஸி என்ற அரவானித் தோழியுடன் கிழவி பழகும் பகுதிகளுக்காகவும் எல்லை தாண்டிய பின் வரும் பகுதிகளுக்காகவும் பொறுமை காக்கலாம். இந்தப் பரிசில் ஒரு நியாயம் உண்டு. 50,000 பவுண்டை நாவலாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதி பிரித்துக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடவே இடம் இல்லாத நூல்கள் நம்மிடம் உண்டு.

நான்காவது, தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. 1953-ல் வந்த வங்க நாவல், த.நா. குமாரசுவாமியின் தமிழ். ஜீவன் மஷாய் என்ற முதிய வைத்தியர் நாடி பிடித்து நோயாளியின் மரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஆங்கில மருத்துவம் படித்து ஊருக்கு வரும் இளம் டாக்டர் பிரத்யோத்துக்கு இது அநியாயமாகப் படுகிறது. கடைசிவரை போராடாமல் எப்படிக் கைவிடலாம் என்பது அவர் கட்சி. தாராசங்கர் பழமைக்கு வக்காலத்து வாங்கவில்லை. புதிய மருந்துகள் பிழைக்கவைப்பதையும் மறைக்கவில்லை. பெற்ற மகனின் நாடியிலேயே மரணத்தைக் கண்டவர் ஜீவன் மஷாய். அவர் மனைவியின் கசப்பு கதை நெடுகிலும் கூடவே வருகிறது.

நடை கொஞ்சம் பழையது. வங்க உறவுப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் முதல் சில அத்தியாயங்களில் தடுக்கும். ஆனாலும் நான்கில் என்னைத் தூங்கவிடாமல் செய்த நாவல் இதுதான். ஆஸ்பத்திரித் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில், உள்ளே இருக்கும் தகப்பனார் பிழைப்பாரா என்று கேட்கவும் பயந்து, கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் இன்று எந்த ஊரிலும் உண்டு. குழாய்களும் திரைகளும் வந்துவிட்டன. 'இனி வீட்டுக்கு அழைத்துப் போங்கள், பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் வாய்தான் அபூர்வமாகிவிட்டது. நாடிப் பரிசோதனை விஞ்ஞானமா என்று கேட்டு இந்த நாவலை ஒதுக்குகிறவர், அது கேட்கும் கேள்வியைத் தவறவிடுகிறார். சாகப்போகிறவரிடம் உண்மையை யார், எப்போது, எப்படிச் சொல்வது? எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மிடம் பதில் இல்லை.

நான்கில் ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்கள் 'ஆரோக்கிய நிகேதன'த்தை வாங்கலாம். ஒரு மாலைப்பொழுதுதான் கிடைக்கும் என்பவர்களுக்குக் 'காச்சர் கோச்சர்'. படத்தைப் பார்த்துவிட்டோம் என்பவர்கள் 'செம்மீனை'ப் புத்தகமாக ஒருமுறை படித்துப் பார்க்கலாம். 'ரேத் சமாதி'யை இரவல் வாங்குங்கள். அலுத்தால் பாதியில் திருப்பிக் கொடுங்கள். குற்ற உணர்வு வேண்டாம்.