கட்டற்ற கணினியும் கம்பியில்லாச் சில்லும்

எழுதுகிறவனுக்கு எதற்கு வன்பொருள் ஆராய்ச்சி என்று கேட்கும் நண்பர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் இருந்த ஒரு லேசர் அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சரிசெய்ய முனைந்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அதன் மூலநிரல் மறுக்கப்பட்டது. 1983-இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததன் பின்னணியில் அந்த மறுப்பும் உண்டு. ஆக, அச்சடிக்க முடியாத எரிச்சலும் கட்டற்ற மென்பொருளின் பூர்வகதையில் சேர்ந்ததுதான். சிற்றிதழ்க்காரர்களுக்கு இது அந்நியமான உணர்வு அன்று.

நாங்கள் எழுதியதைத் திறக்கும் சாவி பிறர் கையில் இருக்கலாகாது என்று முடிவுசெய்து, சென்ற மழைக்காலத்தில் மெய்ப்பு பார்க்கும் மடிக்கணினியில் ட்ரிஸ்குவெலை நிறுவினோம். தமிழ் எழுத்துரு வந்தது, தட்டச்சு வந்தது, லிப்ரே ஆபிஸ் திறந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. இதழ் அச்சேற வேண்டிய வாரம் அது. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் அச்சகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தோம்.

குற்றம் ட்ரிஸ்குவெலுடையது அன்று. பார்க்காமல் இறங்கியது நாங்கள். வைஃபை சில்லுகள், வரைகலை அட்டைகள் பலவும் தாமாக இயங்குவதில்லை. கணினி தொடங்கும்போது ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரலை அவற்றுக்குள் ஏற்றியாக வேண்டும். பெரும்பாலும் அதன் மூலநிரலைத் தயாரிப்பாளர் தருவதில்லை. மற்ற லினக்ஸ் வழங்கல்கள் பலவும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. டெபியன்கூட 2022-இல் வாக்கெடுத்து, 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பின் நிறுவியில் அதற்கு இடமளித்துவிட்டது. ட்ரிஸ்குவெலின் லினக்ஸ்-லிப்ரே கெர்னல் அதை ஏற்ற மறுக்கிறது. எனவே இன்டெல்லின் வைஃபை அங்கே இயங்காது. என்விடியாவில் 900 வரிசை முதல், நிறுவனம் கையொப்பமிட்ட நிரல் இன்றி வரைகலை முடுக்கம் கிடையாது. மாறாக, ஏதெரோஸின் பழைய உள்ளமை அட்டைகள் சிலவற்றுக்கு ஃபர்ம்வேரே தேவையில்லை. ஏஆர்9271 சில்லு கொண்ட யுஎஸ்பி வைஃபை குச்சிகளுக்கான ஃபர்ம்வேர் 2013-இல் மூலநிரலோடு விடுவிக்கப்பட்டது.

இவற்றை முன்கூட்டியே அறிவது பெரிய வித்தையில்லை. எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யுஎஸ்பி என்னும் இரு கட்டளைகள் சில்லுகளின் பெயரைச் சொல்லிவிடும். அதைவிட நல்லது, பென் டிரைவிலிருந்தே ட்ரிஸ்குவெலை இயக்கி, நிறுவாமலே ஒரு மணிநேரம் புழங்கிப் பார்ப்பது. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, முக்கியமாக மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறோம். மறுக்கப்பட்ட ஃபர்ம்வேர் கோப்பின் பெயரைக்கூட லினக்ஸ்-லிப்ரே காட்டுவதில்லை. பெயருக்குப் பதில் ‘டிபிளாப்ட்’ என்றொரு முத்திரை. கட்டுள்ள நிரலின் பக்கம் பயனரைத் திருப்பிவிடக் கூடாது என்பது நோக்கம். நோக்கத்தை மதிக்கிறோம், செயலை ஏற்க முடியவில்லை. கறுப்பு மை பூசிய வரிகளைத் தணிக்கை என்று எதிர்த்து எழுதியவர்கள் நாங்கள். எது இல்லை என்று தெரிந்துகொள்ளவும் வாசகனுக்கு உரிமை உண்டு.

உபுண்டு போட்டால் போதாதா என்கிறார் குழுவில் மூத்தவர். போதும் ஐயா, பலருக்கும் அது போதும். முழுத் தூய்மை எங்களிடமும் இல்லை. எங்கள் மடிக்கணினியின் பயாஸ் இன்னும் மூடிய பெட்டிதான். ஆனால் எந்தெந்த இடத்தில் விட்டுக்கொடுத்தோம் என்பதை அந்த ஒரு மணிநேரச் சோதனை கணக்காகக் காட்டிவிடுகிறது. சோதிக்காமல் மாறி, வைஃபை வராமல் ஒரே வாரத்தில் விண்டோஸுக்குத் திரும்பிவிட்டு, கட்டற்ற மென்பொருள் நடைமுறைக்கு ஒவ்வாது என்று தீர்ப்பெழுதுபவர்களிடம் இந்தக் கணக்கு இருப்பதில்லை.

இப்போது மடிக்கணினியின் பக்கவாட்டில் ஒரு வைஃபை குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகில்லை, பையில் வைக்கும்போது இடறுகிறது. அடுத்த கணினி வாங்கப் போகும்போது ட்ரிஸ்குவெல் பென் டிரைவும் உடன் வரும். சொருகிப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டேன் என்றால், அடுத்த கடை.